அம்மா குறைத்த அரை மதிப்பெண்

பத்தாம் வகுப்பில் என் அம்மாதான் எனக்குக் கணக்கு டீச்சர். இதைச் சொன்னால் கேட்பவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் சிரிப்பார்கள். "அப்ப உனக்கென்ன, கொஸ்டின் பேப்பரே வீட்லதான இருந்திருக்கும்" என்பார்கள். கேள்வித்தாள் வீட்டில்தான் இருந்தது. பீரோவில், அம்மாவின் பட்டுப் புடவைகளுக்கு அடியில் இருந்தது. சாவி அம்மாவின் இடுப்பில் இருந்தது. தேர்வு வாரத்தில் அந்த பீரோ இருக்கும் அறைக்குள் நான் கால் வைக்கக் கூடாது. என் சீருடை, தாவணி, உள்பாவாடை எல்லாவற்றையும் முன்னாடியே எடுத்து ஹாலில் ஒரு நாற்காலியில் அம்மா அடுக்கி வைத்துவிடுவார். வீட்டுக்கு வருகிறவர்கள் அந்த நாற்காலியைப் பார்த்துவிட்டு, ஊருக்குக் கிளம்புகிறீர்களா என்று கேட்பார்கள்.

மஞ்சக்குப்பம் மைதானத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தது எங்கள் பெண்கள் பள்ளி. நான் பிறப்பதற்கு முன்பே அம்மா அங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். எங்கள் தெருவிலேயே முதலில் பட்டம் வாங்கிய பெண் அவர்தான். சேர்ந்த புதிதில், ஆசிரியர் அறையில் யாரோ ஒருவர் அம்மாவின் காதில் விழும்படியே, "சலுகைல வந்தவங்க" என்று சொல்லியிருக்கிறார். யார் சொன்னது என்று அம்மா கடைசிவரை எங்களிடம் சொல்லவில்லை. ஆனால் சலுகை என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாயில் எடுக்கக் கூடாது. ஆடித் தள்ளுபடிக்குக்கூட அம்மா துணிக்கடைப் பக்கம் போகமாட்டார். அதற்குக் கூட்டம் பிடிக்காததும் காரணமாக இருந்திருக்கலாம். எனக்கு என்னவோ அந்த ஒரு சொல்தான் காரணம் என்று தோன்றும்.

பள்ளியில் சென்டம் பேட்ச் என்று ஒன்று இருந்தது. ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் நன்றாக வாங்கியவர்களில் பத்துப் பன்னிரண்டு பேரைப் பொறுக்கியெடுத்து, பத்தாம் வகுப்பு முழுக்கக் காலை ஏழரைக்கே வரவழைத்து, பொதுத்தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கவைப்பது அதன் வேலை. அதில் முக்கால்வாசி நேரம் வடிவியல்தான் நடக்கும். மற்ற பகுதிகளில் விடை ஒன்று சரியாக இருக்கும், இல்லையென்றால் தப்பாக இருக்கும், வடிவியலில்தான் தெரியாமலே மதிப்பெண் ஒழுகும் என்பது அம்மாவின் கணிப்பு. அந்த வகுப்பை அம்மாதான் நடத்தினார்.

அம்மா படங்களைத் திருத்துகிற முறையே தனி. கேள்வித்தாள் தயாரிக்கும்போதே விடைப் படத்தை டிரேசிங் பேப்பரில் வரைந்து வைத்துக்கொள்வார். திருத்தும்போது அந்தத் தாளை எங்கள் படத்தின் மேல் வைத்துப் பார்ப்பார். கோட்டின் மேல் கோடு உட்கார வேண்டும். ஒரு பென்சில் முனை அளவு விலகினால் அரை மதிப்பெண் போய்விடும். காம்பஸில் போட்ட வில்லை ரப்பரால் அழித்திருந்தால் ஒரு மதிப்பெண் போய்விடும். உதவிப்படம் போடாதவர்களின் விடையை அவர் பார்ப்பதே இல்லை, குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். தேற்றம் என்றால் ஒவ்வொரு வரிக்கும் எதிரே காரணம் எழுத வேண்டும். 'படத்திலிருந்து தெரிகிறது' என்று ஒருத்தி எழுதிவிட்டாள். "உனக்குத் தெரியுது, எனக்குத் தெரியலியே" என்று சொல்லி அம்மா பூஜ்யம் போட்டார். இதையெல்லாம் ஜூன் மாதம் முதல் நாளே கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடுவார். அதனால் மதிப்பெண் போனபோது யாரும் முணுமுணுத்ததில்லை. இத்தனைக்குப் பிறகும் சொல்கிறேன், ஒரே ஒருத்தியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், கடலூரிலேயே நியாயமான வகுப்பு அதுதான்.

அந்த ஒருத்தி நான். ஆறாம் வகுப்பிலிருந்தே அம்மா என் தாளைத் திருத்தும்போதெல்லாம் எங்கேயாவது அரையோ ஒன்றோ குறைந்துவிடும். முக்கோணத்தின் முனையில் எழுதிய எழுத்து கோட்டில் இடிக்கிறது என்று ஒரு முறை குறைந்தது. பென்சில் கோடு கறுப்பாக இருக்கிறது என்று ஒரு முறை. இன்னொரு முறை காரணமே எழுதாமல் குறைத்திருந்தார். பள்ளியில் அம்மாவை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். நான் எழுந்து நின்று, "இது ஏன் டீச்சர்?" என்று கேட்டால், "வீட்ல பேசிக்கலாம்" என்பார். வீட்டில் கேட்டால், பள்ளிக்கூட விஷயத்தை வீட்டில் பேசக் கூடாது என்பார். எனக்கு அப்போது நல்ல தாவணி, சைக்கிள், கைக்கடிகாரம் என்று ஆசைப்பட நிறைய இருந்தன. அவையெல்லாம் ஒரு பக்கம் கிடக்கட்டும், அம்மா கையால் ஒரே ஒரு முழு மதிப்பெண் வாங்க வேண்டும் என்பதுதான் எல்லாவற்றுக்கும் மேலே இருந்த ஆசை. மற்ற பெண்கள் அதைச் சர்வ சாதாரணமாக வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

2005 ஜூனில் பத்தாம் வகுப்பு ஆரம்பித்தபோது நான் அம்மாவிடம் சண்டை போட்டேன். சென்டம் பேட்சுக்கு வரமாட்டேன், மாமா வீட்டில் தங்கிக் குறிஞ்சிப்பாடியில் படித்துக்கொள்கிறேன் என்றேன். அப்பாவுக்கு அங்கேதான் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை. அவர் இரண்டு பக்கமும் பேசிப் பார்த்தார். கடைசியில் அம்மாவே ஒரு வழி சொன்னார். எங்கள் நிர்வாகத்துக்கே சொந்தமான ஆண்கள் பள்ளியில் ஒரு கணக்கு சார் இருந்தார். என் தாள்களை மட்டும் அவர் திருத்துவார் என்று ஏற்பாடு. அப்பாவை உட்காரவைத்துக்கொண்டு அம்மா என்னிடம் சொன்னார்.

"இந்த வருஷம் உன் பேப்பர நான் தொட மாட்டேன். போதுமா?"

போதும் என்றேன். அம்மா சொன்னால் சொன்னதுதான் என்று ஊரே சொல்லும். நானும் அந்த ஊரில்தானே இருந்தேன், நம்பினேன்.

அந்த வருடம் நான் படித்ததைப்போல் அதற்கு முன்பும் படித்ததில்லை, பின்பும் படித்ததில்லை. காம்பஸில் பென்சில் ஆடாமல் இருக்க நூல் சுற்றி இறுக்கிக்கொள்வேன். காலாண்டுத் தேர்வில் சார் முழு மதிப்பெண் போட்டு அனுப்பினார். அவர் என்னைப் பார்த்தது இரண்டு மூன்று தடவைதான். பார்க்கும்போது, "பாப்பா, உன் படத்துல கை வெக்க எடமே இல்லியே" என்பார். அன்றைக்கெல்லாம் நான் வீட்டுக்கு நடந்துவரவில்லை, மிதந்துதான் வந்தேன். அம்மா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார், திருப்பிக் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் போகிறது, குறைக்காமல் இருந்தாரே என்று எனக்கு அதுவே பெரிதாக இருந்தது.

சென்டம் பேட்சில் எனக்கு இணையாக இருந்தவள் என் தோழி. மஞ்சக்குப்பத்தில் அரசு அலுவலகங்களுக்குப் பின்னால் அவர்கள் வீடு. தலைமுறை தலைமுறையாக நிலபுலன் வைத்திருந்த குடும்பம். அவள் அப்பா அதை விற்றும் குத்தகைக்கு விட்டும் டவுனில் உரக்கடை, லாரி என்று வளர்ந்தவர். எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கும் அவர்தான் தலைவர். ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்தால் லேசில் விடமாட்டார். தோழி மட்டும் அவருக்கு நேர் எதிர். அதிகம் பேசமாட்டாள். நான் அரை மதிப்பெண் இழக்கும்போதெல்லாம் என்னைவிட அவள் முகம்தான் வாடும். அவள் மேல் எனக்கு அன்றைக்கும் கோபம் இல்லை, இன்றைக்கும் இல்லை.

பொங்கல் முடிந்து பள்ளி திறந்தபோது ஒரு செய்தி வந்தது. சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில், பொதுத்தேர்வு முடிந்த பிறகு, வடிவியலுக்கென்றே கோடை முகாம் நடத்துகிறார்கள். இரண்டு வாரம் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். பள்ளிக்கு ஒருவரைத்தான் அனுப்பலாம். மாடல் தேர்வில் கணக்கில் முதலில் வருகிறவளை அனுப்புவது என்று அப்போதைய தலைமை ஆசிரியை முடிவு செய்தார். எனக்கு முகாம் என்றால் என்ன என்றே சரியாகத் தெரியாது. ஆனால் பள்ளிக்கூடம் என் பெயரைச் சொல்லி ஓரிடத்துக்கு அனுப்பும், அதை அம்மா பார்த்துக்கொண்டிருப்பார் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

மாடல் தேர்வில் செய்முறை வடிவியலில் வந்த கேள்வி எங்களுக்கு நன்றாகப் பழகியதுதான். ஒரு முக்கோணத்தின் அடிப்பக்கம், உச்சிக்கோணம், உயரம் மூன்றும் கொடுத்திருப்பார்கள், வரைய வேண்டும். அடிப்பக்கத்தை வரைந்து, அதன் மேல் வட்டத்தை வரைந்து, உயரத்தின் அளவுக்கு மேலே ஒரு இணைகோடு போட்டால், அந்தக் கோடு வட்டத்தை இரண்டு இடத்தில் வெட்டும். இடப்பக்கம் ஒரு புள்ளி, வலப்பக்கம் ஒரு புள்ளி. எதை உச்சியாக எடுத்துக்கொண்டாலும் முக்கோணம் சரிதான். வகுப்பில் அம்மாவே இதைச் சொல்லித் தந்திருக்கிறார். பெரும்பாலும் எல்லாரும் இடப்பக்கப் புள்ளியை எடுப்பார்கள். என் தாளில் இடப்பக்கம் உதவிப்படம் நெருக்கிக்கொண்டிருந்தது, வலப்பக்கம் காலியாக இருந்தது. நான் வலப்பக்கப் புள்ளியை எடுத்து வரைந்தேன்.

ஒரு வாரம் கழித்துக் காலைப் பிரார்த்தனையில் தலைமை ஆசிரியை அறிவித்தார். இரண்டு பேர் முழு மதிப்பெண் வாங்கியதாகவும், யாரை அனுப்புவது என்று பார்க்கக் கணக்கு ஆசிரியையே இரண்டு தாள்களையும் மறுபடி பார்த்ததாகவும், அதில் ஒரு தாளில் சிறு பிழை இருந்ததாகவும் சொல்லிவிட்டுத் தோழியின் பெயரைப் படித்தார். எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். தாள் என் கைக்கு வந்தபோது, சார் போட்டிருந்த நூறை அடித்து, தொண்ணூற்று ஒன்பதரை என்று மாற்றியிருந்தது. படத்தின் பக்கத்தில் அம்மாவின் ஒல்லியான கையெழுத்தில், 'மற்ற வெட்டும் புள்ளி குறிக்கப்படவில்லை' என்று இருந்தது.

உண்மையைச் சொன்னால், அப்போது எனக்கு அம்மா மேல் கோபம் வரவில்லை. தொட மாட்டேன் என்று சொன்னவர் தொட்டுவிட்டார், அது உறுத்தியது. ஆனால் புத்தகத்தில் இரண்டு புள்ளிகளையும் குறித்துத்தான் காட்டியிருக்கிறார்கள். நான் குறிக்கவில்லை. என் கவனக்குறைவுக்கு யார் என்ன செய்ய முடியும் என்று என்னையே நொந்துகொண்டேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அந்தப் புள்ளியை வைக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், கண் இமைக்கிற நேரம்கூட ஆகாதே என்று நினைத்து நினைத்து என்னைத் திட்டிக்கொண்டேன். அந்த இரண்டு நாளைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. என்னை அப்படித் திட்டிக்கொள்ளவைத்துவிட்டு, எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து அம்மா ரசம் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தோழி வீட்டுக்குப் போனேன். இரண்டு பேரும் மாடல் தேர்வுத் தாள்களை வைத்துப் பாடம் பார்க்கலாம் என்று ஏற்பாடு. அவள் படத்தைப் பார்த்தேன். இடப்பக்கப் புள்ளியை எடுத்து வரைந்திருந்தாள். வலப்பக்கம் இணைகோடு வட்டத்தை வெட்டிக்கொண்டு போயிருந்தது, அங்கே புள்ளியும் இல்லை, எழுத்தும் இல்லை. எனக்குச் சந்தேகமாக இருந்தது. இரண்டு தாள்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, வெயில் அடித்த ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தேன். அடிப்பக்கம் அடிப்பக்கத்தின் மேல் உட்கார்ந்தது. வட்டம் வட்டத்தின் மேல் உட்கார்ந்தது. இணைகோடும் அப்படியே. உச்சி மட்டும் அவளுக்கு இடப்பக்கம், எனக்கு வலப்பக்கம். இரண்டு பேருமே மற்ற புள்ளியைக் குறிக்கவில்லை. அவள் தாளில் அதற்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

தோழியும் பார்த்துவிட்டாள். தனக்கும் அரை மதிப்பெண் குறைய வேண்டும், திங்கட்கிழமை போய்ச் சொல்கிறேன் என்றாள். அவள் அழுதுவிடுவாள் போலிருந்தது. நான் வேண்டாம் என்றேன். கேட்க வேண்டிய ஆள் என் வீட்டில்தான் இருந்தார்.

நான் போனபோது அம்மா சமையலறையில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்தது மறந்துபோய்விட்டது.

"அவளும்தான் அந்தப் புள்ளிய வெக்கல. அவளுக்கு ஏன் கொறைக்கல?"

அம்மா தலையை நிமிர்த்தவில்லை. "அவளுக்குக் கொறச்சா நாளைக்கே அவுங்கப்பா வந்து நிப்பாரு. டீச்சர் தன் பொண்ண அனுப்பறதுக்காகத்தான் கொறச்சுட்டாங்கன்னு ஊரு பூரா பேசுவாங்க. உனக்குக் கொறச்சா யாருடி வந்து கேக்கப் போறாங்க?"

"நான் கேக்கறேன்."

"நீ கேட்டா அது வீட்டுப் பேச்சு. வெளிய போவாது."

அவ்வளவுதான். மறுபடி மீனைக் கிள்ள ஆரம்பித்துவிட்டார். குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. அத்தனை வருடமும் குறைத்ததற்கு நான் ஒரு காரணம் வைத்திருந்தேன். அம்மா என்னிடம் அதிகம் எதிர்பார்க்கிறார், மற்றவர்களைவிட ஒருபடி மேலே என்னை வைத்துப் பார்க்கிறார், அதனால்தான் சின்னப் பிழையும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை என்று நம்பியிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. அன்றைக்கு அது மொத்தமும் சரிந்தது. என்னிடம் எடுத்தால் கேட்க ஆளில்லை, அதனால் எடுத்தார். பயத்துக்கு நேர்மை என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தார், அந்தப் பெயருக்கு ஆன செலவு முழுக்க என் கணக்கில் எழுதப்பட்டது. ஏமாந்துவிட்டேன் என்று அந்த வயதில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அப்பாவிடம் சொன்னேன். அவர், அம்மா அந்தப் பள்ளிக்கூடத்தில் எப்படியெல்லாம் பேச்சு வாங்கியிருக்கிறாள் என்று உனக்குத் தெரியாது என்றார். எனக்குத் தெரியும், அதைக் கேட்டுத்தானே வளர்ந்தேன். அம்மாவைப் பேசியவர்களிடம் அம்மா கேட்டிருக்கலாம். என்னிடம் ஏன் வசூலித்தார்? இதைக் கேட்டதும் அப்பா பேச்சை மாற்றினார். முகாம் முடிந்துபோகிற விஷயம்தானே, உன்னைப் பிச்சாவரம் கூட்டிப்போகிறேன், படகில் போகலாம் என்றார்.

சொன்னபடியே மே மாதம் கூட்டிப்போனார். பிச்சாவரம் போகச் சிதம்பரத்தில் இறங்கித்தான் பஸ் மாற வேண்டும், பாவம், அவர் அதை யோசிக்கவில்லை. அந்த நேரத்தில் தோழி அதே ஊரில் முகாமில் இருந்தாள். பேருந்து நிலையத்தில் அப்பா வாங்கிக் கொடுத்த ஐஸ்கிரீமைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் கல்லூரி எந்தத் திசையில் இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஐஸ்கிரீம் உருகி முழங்கை வரை வழிந்தது. படகில் ஏறி, சுரபுன்னை வேர்களுக்கு நடுவில் போய்த் திரும்பும் வரைக்கும் நான் வாயே திறக்கவில்லை. படகுக்காரர் பாப்பாவுக்குப் பயமா என்று கேட்டார். அப்பா ஆமாம் என்று சொல்லிச் சமாளித்தார்.

பொதுத்தேர்வு முடிவு வந்தபோது எனக்குக் கணக்கில் நூற்றுக்கு நூறு. தோழிக்கும் நூறு. எங்கோ வேறு மாவட்டத்தில், யாரென்றே தெரியாத யாரோ திருத்திய தாள் அது. ஆனால் பள்ளியில் என்ன பேசினார்கள் தெரியுமா? "டீச்சர் பொண்ணாச்சே, விட்டுருவாங்களா" என்றார்கள். அம்மாவின் முன்னாலேயே ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தப் பேச்சு வரக் கூடாது என்றுதான் வருடக்கணக்காக என் மதிப்பெண்ணைச் செதுக்கிக்கொண்டிருந்தார் அம்மா. பேச்சு எப்படியும் வந்தது. அம்மா பதிலுக்குச் சிரித்துவைத்தார். எனக்கு அதில் ஒரு கெட்ட சந்தோஷம் இருந்தது, மறைக்கவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் கணக்குப் படிக்கச் சிதம்பரத்தில் சேர்ந்தேன். கடலூரிலேயே கல்லூரி இருக்கும்போது எதற்கு அங்கே என்று அப்பா கேட்டார். ஹாஸ்டல் வேண்டும் என்றேன். முதல் பருவத்தில் பகுமுறை வடிவியல் தேர்வில் எனக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. திருத்திய பேராசிரியருக்கு என் பதிவெண்ணைத் தவிர என்னைப் பற்றி எதுவும் தெரியாது. போனில் சொன்னபோது அம்மா, "நல்லது, தலக்கனம் வரக் கூடாது" என்றார். நான் போனை வைத்துவிட்டேன். விடுமுறைக்குப் போவேன், வருவேன். சாப்பாடு, துணிமணி, உடம்பு எப்படி இருக்கிறது என்பதைத் தாண்டி எங்கள் பேச்சு போனதில்லை. அந்த அரை மதிப்பெண்ணைப் பற்றி இரண்டு பேரும் மறுபடி பேசவே இல்லை. அம்மா அதை மறந்துவிட்டார் என்றே நினைத்திருந்தேன்.

2012 ஜூனில் அம்மா அதே பள்ளிக்குத் தலைமை ஆசிரியை ஆனார். பாராட்டு விழாவுக்கு நான் வந்தே ஆக வேண்டும் என்று அப்பா இரண்டு முறை போன் செய்தார். முந்தைய டிசம்பர் புயலில் விழா நடந்த கூடத்தின் கூரை ஷீட்டுகள் பறந்துபோயிருந்தன. பாதிக் கூரைக்குத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள், காற்றடிக்கும்போதெல்லாம் அது படபடவென்று அடித்துக்கொண்டது. மேடையில் அம்மா பட்டுப் புடவையும் சால்வையுமாக உட்கார்ந்திருந்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சலுகையில் வந்தவர் என்று சொன்ன இடத்திலேயே அந்த நாற்காலிக்கு வந்துவிட்டாரே என்று, நம்புங்கள், கண்கூடக் கலங்கியது.

அப்போது செயலர் பேச எழுந்தார். தோழியின் அப்பாதான் அப்போது பள்ளி நிர்வாகத்தின் செயலர். மைக்கை வழக்கம்போல் இறுகப் பிடித்துக்கொண்டார். பதவிக்கான நேர்காணலில் எத்தனையோ பேரைப் பார்த்தோம், இவர் சொன்ன ஒரு சம்பவத்தைக் கேட்ட பிறகு வேறு யாரையும் எங்களுக்குப் பார்க்கத் தோன்றவில்லை என்று ஆரம்பித்தார்.

"பெற்ற மகள் ஒரு படத்தில் தவறு செய்துவிட்டாள். அரை மதிப்பெண். யாரும் கண்டுகொள்ளப் போவதில்லை. ஆனாலும் தன் கையாலேயே குறைத்து, என் மகளை முகாமுக்கு அனுப்பிவைத்தார். அந்த நேர்மைக்குத்தான் இந்த நாற்காலி."

கூடம் முழுக்கக் கைதட்டல். என் பக்கத்தில் அப்பாவும் தட்டினார், என் முகத்தைப் பார்த்ததும் கையை இறக்கிவிட்டார். நான் மேடையைப் பார்த்தேன். அம்மா சால்வையின் குஞ்சத்தை விரலால் நீவிவிட்டுக்கொண்டிருந்தார். தவறு செய்துவிட்டாளாம். அம்மா அப்படித்தான் சொல்லியிருக்கிறார். என் மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டது போதாதென்று, நான் தப்பாக வரைந்தேன் என்றும் சொல்லி, அதைக் காட்டி அந்த நாற்காலியை வாங்கியிருக்கிறார்.

விழா முடிந்து, எல்லாரும் கேசரி தின்றுகொண்டிருந்தபோது, தலைமை ஆசிரியை அறைக்குப் போனேன். அம்மா தனியாக இருந்தார். புதிய பெயர்ப் பலகையில் பெயின்ட் வாசனை போகவில்லை. கதவைச் சாத்தினேன்.

"அந்தப் படத்துல இன்னாம்மா தப்பு?"

அம்மா என்னைப் பார்த்தார். மழுப்புவார் என்று நினைத்தேன், மழுப்பவில்லை.

"ஒரு தப்பும் இல்ல. அன்னைக்கே எனக்குத் தெரியும். அது முழு மார்க்குப் படம்."

ஆறாம் வகுப்பிலிருந்து நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை. சாத்திய கதவுக்குள், மேசைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்த எனக்கு மட்டும் கேட்கும்படி அதைச் சொன்னார்.

"அப்ப அத அவர்கிட்ட சொல்லு. வராண்டாவுலதான் நிக்கறாரு. மேடைல எல்லாம் வேணாம், அவரு ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்லு."

அம்மா சால்வையை எடுத்து மடித்து மேசைமேல் வைத்தார். எழுந்து வந்து கதவைத் திறந்தார். சார், ஒரு நிமிஷம் உள்ள வாங்க என்று கூப்பிட்டார். சொல்லப் போகிறார் என்றே நம்பினேன். செயலர் கேசரித் தட்டோடு உள்ளே வந்தார். அம்மா என் தோளில் கை வைத்தார். அந்தக் கை வேர்த்து ஈரமாக இருந்தது.

"மேடைல சொன்னீங்களே சார், அரை மார்க்கு. அது இவதான்" என்று சொல்லி அம்மா சிரித்தார்.

அவர் தட்டை மேசைமேல் வைத்துவிட்டு, அம்மாவுக்கு ஏத்த பொண்ணு என்று சொல்லி என்னைப் பார்த்துக் கைகூப்பினார். நானும் கைகூப்பினேன்.